மயக்கத்தில் இருக்கும் அந்த 20 நிமிடங்கள்... சினைப்பைக் கட்டி நல்லதா, கெட்டதா? ஆபரேஷன் நடக்கும்போதே எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

போடியிலிருந்து தேவாரம் போகும் ரோட்டில் இருக்கிறது சிலமலை. பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பும் பகுதி இது. போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்குவார்கள். அந்த ஜீப்பில் போகும் 24 வயசுப் பெண் ஒருத்தி என்று ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். பெயர் வேண்டாம், உங்க தங்கச்சின்னே நினைச்சுக்கோங்க.

மூணு மாசமா வயிறு உப்புசம். ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. அடிக்கடி யூரின் போகணும்போல இருக்கிறது, தோட்டத்தில் அதற்கு வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். வீட்டில் 'கேஸு' என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். சுடிதார் நாடா இறுகும்போதுதான் சந்தேகம் வருகிறது. ஸ்கேன் எடுத்தால், இடது சினைப்பையில் 11 சென்டிமீட்டர் கட்டி. சினைப்பையின் இயல்பான அளவே பாதாம் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அதாவது 3 சென்டிமீட்டர்தான்.

அடுத்து அம்மா கேட்கும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றேதான். "டாக்டரம்மா, இது புற்றா?" டாக்டரம்மாவின் நேர்மையான பதில், "திறந்து பார்த்தாதான் தெரியும்மா."

கேட்கவே எரிச்சலாக இருக்கும். ஸ்கேன், எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கும் காலத்தில் திறந்துதான் பார்க்கணுமா? இந்த ஒரு கட்டி விஷயத்தில் பெரும்பாலும் ஆமாம்தான். அப்படித் திறந்த பிறகு, அவள் மயக்கத்தில் இருக்கும்போதே, பக்கத்து அறையில் ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிய செல்களைப் பார்த்து 'நல்லது', 'கெட்டது' என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. அந்தப் பதிலை வைத்துத்தான் கருப்பையும் இன்னொரு சினைப்பையும் உள்ளே இருக்கணுமா வெளியே வரணுமா என்று முடிவாகும். ஆனா, முடிவு எடுக்கப்படும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால இது அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கும்தான்.

ஊசி குத்திப் பார்த்தா என்ன?

மார்பகக் கட்டி, கழுத்துக் கட்டிக்கெல்லாம் ஊசி விட்டு நாலு செல்லை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். சினைப்பைக்கு மட்டும் ஏன் இல்லை? காரணம், சினைப்பை வயிற்றுக்குள் அந்தரத்தில் தொங்குகிறது. புற்றாக இருந்து, அது ஓட்டுக்குள்ளேயே அடங்கி இருந்தால் அது முதல் நிலையின் முதல் படி. ஊசி குத்தி உள்ளே இருக்கும் திரவம் ஒழுகினால், அந்தச் செல்கள் வயிறு முழுக்கச் சிந்தும். ஒரே சொட்டில் அவள் 1ஏ நிலையிலிருந்து 1சி-க்குப் போய்விடலாம், தேவைப்படாத கீமோதெரபி தேவைப்படலாம். அதனால்தான் இப்படிப்பட்ட கட்டியை உடைக்காமல் முழுசாக வெளியே எடுக்கப் பார்க்கிறார்கள். (நோய் ஏற்கெனவே வயிறெங்கும் பரவியிருந்தால் கணக்கு வேறு. அப்போது வயிற்று நீரையோ, பரவிய இடத்துச் சதையையோ முதலிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு கீமோ தொடங்குவதும் உண்டு.)

சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை? 35-க்கு மேல் போனால் கூகுளில் தேடி அழுதுவிடுகிறோம். ஆனா, எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புப் பகுதித் தொற்று, டி.பி., ஏன் மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும். இளம் வயதில் வரும் சினைப்பைப் புற்றுகள் பல இந்தச் சோதனையில் சரியாகப் பிடிபடுவதும் இல்லை. அதனால் சின்னப் பெண்களுக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று வேறு சோதனைகளும் சேர்த்து எழுதித் தருவார்கள்.

இங்கே ஒரு ஆறுதல். மாதவிடாய் வரும் வயதில் ஸ்கேனில் தெரியும் சின்ன, சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ரெண்டு மூணு மாதத்தில் தானே கரைந்துவிடும். பி.சி.ஓ.எஸ். என்பது கட்டி நோயே இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் இந்தக் கட்டுரையை நினைத்து பயப்பட வேண்டாம்.

கண்ணாடியில் ஒரு ஒத்து

சரி, வயிறு திறந்தாச்சு. முதலில் வயிற்றுக்குள் இருக்கும் நீரை எடுத்து வைக்கிறார்கள். நீர் இல்லாவிட்டால் சலைன் ஊற்றிக் கழுவி, அந்தக் கழுவிய நீரை எடுக்கிறார்கள். பிறகு கட்டியை உடையாமல் எடுத்து, பேத்தாலஜி லேபுக்கு ஓட்டமாக அனுப்புகிறார்கள். இந்த இடத்தில் ஒரு விஷயம் முக்கியம். கட்டி ஃபார்மலினில் போகக் கூடாது. அப்படியே ஈரமாக, பச்சையாகப் போகணும். அவசரத்தில் பழக்கதோஷமாக ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிட்டால் உடனடிச் சோதனைக்கான வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

லேபில் பேத்தாலஜிஸ்ட் முதலில் கண்ணால் பார்க்கிறார். ஓடு கிழிந்திருக்கிறதா, மேலே முடிச்சு இருக்கிறதா என்று கவனித்துவிட்டு வெட்டுகிறார். பாதி பதில் அந்த வெட்டிலேயே கிடைத்துவிடும். வெண்ணெய் மாதிரி மஞ்சள் கொழுப்பும் சுருட்டிய முடியும், சில சமயம் பல்லும் வந்தால் அது டெர்மாய்டு. இளம்பெண்களுக்கு மிக அதிகமாக வரும் கட்டிகளில் ஒன்று, பெரும்பாலும் சாது. கெட்டியான சாக்லேட் நிறத் திரவம் என்றால் எண்டோமெட்ரியோசிஸ். கோந்து மாதிரி வழவழப்பு, காலிஃபிளவர் மாதிரி துருத்தல், வெள்ளையான கெட்டிச் சதை என்றால் அடுத்த வேலை தொடங்குகிறது.

வெட்டிய பரப்பில் ரத்தத்தை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, சுத்தமான கண்ணாடி ஸ்லைடை அதன்மேல் வைத்து எடுக்கிறார். தேய்க்கக் கூடாது, ரேகை உருட்டுற மாதிரி இழுக்கவும் கூடாது, ஒரு ஒத்து, அவ்வளவுதான். இதற்குப் பெயர் இம்ப்ரின்ட் சைட்டாலஜி. கட்டி கெட்டியாக இருந்து செல் ஒட்டவில்லை என்றால், கத்தி முனையால் லேசாகச் சுரண்டி ஸ்லைடில் பரப்புகிறார். அது ஸ்க்ரேப். ஈரம் காய்வதற்குள் ஸ்லைடை ஆல்கஹாலில் முக்குகிறார். பிறகு டொலுடின் ப்ளூ மாதிரி ஒரு சாயம், ஒரு நிமிடம். கழுவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்கள் நீலமாகத் தெரியும். இன்னொரு ஸ்லைடை வேண்டுமென்றே காயவிட்டு வேறு சாயம் போடுவார்கள். எல்லாம் சேர்த்து பத்து, இருபது நிமிடம்.

தேவையானது ஸ்லைடு, சாயம், மைக்ரோஸ்கோப். எல்லாவற்றுக்கும் மேல் பழகிய ஒரு ஜோடி கண். அந்தக் கடைசி ஐட்டம்தான் கிடைப்பது கஷ்டம்.

இது புதுசா வந்த டெக்னாலஜி இல்லை. 1927-ல் லண்டனில் டட்ஜன், பேட்ரிக் என்ற ரெண்டு மருத்துவர்கள் 200 கட்டிகளை இப்படிச் செல் எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1905-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் என்ற பேத்தாலஜிஸ்ட் சதையை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு நிமிடங்களில் பதில் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். நோயாளி மேஜையில் இருக்கும்போதே பதில் வேணும் என்று சர்ஜன் வில்லியம் மேயோ நச்சரித்ததுதான் காரணம் என்பார்கள். அந்த உறைய வைக்கும் முறைதான் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 'ஃப்ரோசன் செக்‌ஷன்'. மைனஸ் 20 டிகிரி குளிரில் வேலை செய்யும் கிரையோஸ்டாட் என்ற மெஷின் அதற்கு வேண்டும். விலை லட்சங்களில். மெஷின் இல்லாத இடத்தில் ஸ்லைடு ஒத்து தனியாக நிற்கும். இருக்கும் இடத்தில் ரெண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

காபிக்கொட்டை, மோதிரம், புலிக்கோடு

மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரியும்? சாதுவான கட்டியின் செல்கள் தேன்கூடு மாதிரி ஒரே சீராக, தட்டையாகப் படுத்திருக்கும். புற்றுச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கரு பெருத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகளில் இருக்கும்.

சில வகைகளுக்குத் தனி அடையாளமே உண்டு. கிரானுலோசா செல் கட்டியில் கரு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு ஓடும். அசல் காபிக்கொட்டை. மலையில் காபி பறித்தவர்களுக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும். டிஸ்ஜெர்மினோமாவில் பெரிய உருண்டைச் செல்களுக்குப் பின்னணியில் புலிக்கோடு மாதிரி வரிகள் தெரியலாம். காயவிட்ட அந்த ரெண்டாவது ஸ்லைடு இதற்குத்தான். செல்லின் கரு ஓரமாகத் தள்ளப்பட்டு, முத்திரை மோதிரம்போல இருந்தால் பேத்தாலஜிஸ்ட் உடனே நிமிர்ந்து உட்காருவார். அது சினைப்பையில் பிறந்த புற்றே இல்லாமல், இரைப்பையிலிருந்து வந்து இறங்கியதாக இருக்கலாம். 'வயித்துக்குள்ள கையவிட்டு இரைப்பையையும் பாருங்க' என்று தியேட்டருக்குத் தகவல் போகும்.

டிஸ்ஜெர்மினோமாவைப் பற்றி இன்னும் ஒரு வரி சொல்லியே ஆகணும். அது புற்றுதான். ஆனா, டீன் ஏஜ், இருபதுகளில் வரும் இந்த வகைப் புற்றில், நோய் இருக்கும் ஒரு பக்கத்துச் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையையும் இன்னொரு பக்கத்தையும் விட்டுவைத்தே பெரும்பாலானவர்களைக் குணப்படுத்த முடிகிறது. அதாவது 'புற்று' என்ற பதில் வந்தாலும் 'எல்லாத்தையும் எடு' என்று அர்த்தம் இல்லை. எந்த வகைப் புற்று என்று அந்த ஸ்லைடு சொல்ல வேண்டும்.

புற்று மாதிரியே நடிக்கும் டி.பி.

நம்ம ஊரில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. இளம்பெண், வயிறு நிறைய நீர், மெலிந்த உடம்பு, சி.ஏ.125 நூற்றுக்கணக்கில், ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் திரட்சி. யார் பார்த்தாலும் முற்றிய புற்று என்றுதான் முதலில் தோன்றும். வயிற்றைத் திறந்தால் எங்கும் கேழ்வரகு தூவியது மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள். அதுவும் புற்று பரவியது மாதிரியே இருக்கும்.

ஒரு முடிச்சை எடுத்து ஸ்லைடில் ஒத்திப் பார்த்தால் புற்றுச் செல்லே இல்லை. நீண்ட செருப்புத் தடம் மாதிரியான கருக்களோடு செல் கூட்டங்கள், நடுவே பல கருக்கள் கொண்ட ராட்சச செல்கள் தெரிகின்றன. இது காசநோயின் கையெழுத்து. இன்னும் கொஞ்சம் சதையை உறுதிப்படுத்தும் சோதனைகளுக்கு எடுத்துவிட்டு, எதையும் நீக்காமல் வயிற்றைத் தைத்துவிடலாம். டி.பி. என்று உறுதியானதும் மாத்திரை, வழக்கமாக ஆறு மாதம். அரசு இலவசமாகவே தருகிறது. அந்த ஒரு ஸ்லைடு பார்க்கப்படாமல் போயிருந்தால் அவள் எதை இழந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்க.

எங்கே சறுக்கும்?

போடி ஏலக்காய் ஏலத்தில் மூட்டை முழுக்கக் கொட்டிப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. ஒரு கை சாம்பிள்தான். அதில் 8 எம்.எம். போல்டு காயாக இருந்து, அடிமூட்டையில் சொத்தை இருந்தால்? இருபது சென்டிமீட்டர் கட்டியில் ரெண்டு இடத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அதே ரிஸ்க்தான். கோந்துக் கட்டிகள் இதற்குப் பேர்போனவை. ஒரு மூலை சாது, இன்னொரு மூலை புற்று. ஒத்து எடுப்பதில் ஒரு வசதி, பத்து இடத்தில் பத்து ஸ்லைடு வைத்தாலும் நேரம் அதிகம் ஆகாது.

இன்னொரு சறுக்கல், சினைப்பைக்கே உரிய 'போர்டர்லைன்' கட்டிகள். சாதுவும் இல்லை, முழுப் புற்றும் இல்லை. செல்லின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அது பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்ற அமைப்பைப் பார்க்கணும். செல் ஸ்லைடில் அந்த அமைப்பு கலைந்துவிடுகிறது. உறைய வைத்துச் சீவும் முறை இதில் ஒரு படி மேல். ஆனா அதுவும் தடுமாறும். 2016-ல் காக்ரேன் அமைப்பு 38 ஆய்வுகளை, 11,000-க்கும் மேற்பட்ட பெண்களின் முடிவுகளைச் சேர்த்து அலசியது. உண்மையில் புற்று உள்ள 100 பேரில் சுமார் 90 பேரை ஃப்ரோசன் சரியாகப் புற்று என்றே சொன்னது. புற்று இல்லாத 200 பேரில் தவறாகப் புற்று என்று சொன்னது ஏறக்குறைய ஒருவரை. ஆனால், 'போர்டர்லைன்' என்று சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, கடைசி ரிப்போர்ட்டில் அது புற்றாக இருந்தது.

அதனால் 'இப்போ சொல்ல முடியலை, பிறகு சொல்றேன்' என்பதும் ஒரு மரியாதையான பதில். அப்படி வந்தால் குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்கு நோய்ப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மூடுவதுதான் வழக்கமான பாதை. தேவைப்பட்டால் ரெண்டாவது ஆபரேஷன் செய்துகொள்ளலாம். எடுத்த கருப்பையைத் திரும்ப வைக்க முடியாதே.

கையெழுத்துப் போடும் முன்

டெல்லியில் 1995-ல் நடந்தது. 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தார். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே காத்திருந்த அவருடைய வயதான அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. சுயநினைவு திரும்பப்போகும் வயது வந்த ஒருவருக்குப் பதிலாக அம்மா கொடுத்த சம்மதமும் செல்லாது. உயிரைக் காக்க அந்த நிமிடமே செய்தாக வேண்டும் என்றால் மட்டுமே விதிவிலக்கு. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது. பரிசோதனைக்கும், அதில் தெரியவருவதைப் பொறுத்துச் செய்யப்போகும் சிகிச்சைக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் வாங்கலாம்.

சிலமலைப் பெண்ணுக்கு வேண்டியது அந்த முன்கூட்டிய பேச்சுதான். நம்ம வீடுகளில் கையெழுத்துப் போடுவது அப்பாவோ புருஷனோ. படிவத்தைப் படிக்க நேரமே இருக்காது. 24 வயதுப் பெண்ணின் படிவத்தில் அவளேதான் கையெழுத்துப் போடணும். அதற்கு முந்தின நாள் இதையெல்லாம் தைரியமாகக் கேட்கலாம். "ஆபரேஷன் நடக்கும்போதே செல்லோ ஃப்ரோசனோ பார்க்க பேத்தாலஜிஸ்ட் அன்னைக்கு இருப்பாரா? சாதுன்னா எதை எடுப்பீங்க, புற்றுன்னா எதை, சொல்ல முடியலைன்னா எதை? எனக்குக் குழந்தை வேணும், அதை படிவத்துல எழுதுவீங்களா?" டாக்டர் கோவிச்சுக்குவார்னு பயப்பட வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருப்பவர்தான் நீங்க தேடுற டாக்டர்.

பேத்தாலஜிஸ்ட் இருக்க மாட்டார் என்பது பதிலானால், அவசரம் இல்லாத கட்டியை அங்கே அவசரமாக எடுக்கத் தேவையில்லை. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டினால் மதுரை பெரியாஸ்பத்திரி. தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பழைய ஸ்கேன் எல்லாம் பையில் இருக்கட்டும். ஆனா, திடீரென்று வயிறு முறுக்கிப் பிடித்து வாந்தி வந்தால் கட்டி திருகியிருக்கலாம். அப்போது எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. சில மணி நேரத் தாமதத்தில் சினைப்பை கெட்டுவிடும்.

எப்போ டாக்டரிடம் போகணும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வயிறு உப்புசம், அடிவயிற்று வலி, சீக்கிரம் வயிறு நிறைவது, அடிக்கடி யூரின். இதில் ஏதாவது ஒன்று கடந்த ஒரு வருஷத்துக்குள் புதுசாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் மார்பகம், கருப்பைவாய்க்கு அடுத்த இடம் சினைப்பைக்குத்தான். 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 47,000 பேருக்கு வந்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, "நல்ல கட்டிதான்" என்று கேட்டு வீட்டுக்கு வந்தாச்சு. இன்னும் ஒரு வேலை பாக்கி. அன்றைக்குக் கிடைத்தது முதல் பதில்தான். மீதிக் கட்டி ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, பல இடங்களில் சீவிப் பார்க்கப்படும். அந்தக் கடைசி ரிப்போர்ட் வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். தையல் பிரிக்கப் போகும் அன்று அதைக் கேட்டு வாங்குங்க, மொபைலில் போட்டோ எடுத்து வைங்க. வேறு டாக்டரிடம் காட்டப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஸ்லைடு கண்ணாடி, உடையும். அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, போடி - மதுரை ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் மடியிலேயே வெச்சுக்கோங்க.